த்ரில்லர் படத்தில் ஒரே ஒரு காட்சி கிடைத்தால்: கொங்குப் பக்கத்துப் புதுமுகங்களுக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங், லோக்கல் ஆள் ஒருத்தர் வேண்டும், ஒரே சீன், நாலைந்து வசனம், வருகிறீர்களா என்று போன் வருகிறது. ஆனைமலை, கோபி, சத்தியமங்கலம், பவானி என எங்கே இருந்தாலும், நாடகத்திலோ குறும்படத்திலோ கொஞ்சம் முகம் காட்டியவருக்கு இப்படி ஒரு அழைப்பு என்றைக்காவது வந்தே தீரும். கதாநாயகன் ஊர் ஊராக யாரையோ தேடி வருவார். வழியில் ஒரு டீக்கடைக்காரர், ஒரு லாட்ஜ் மேனேஜர், ஒரு தோட்டக்காரர் தேவைப்படுவார்கள். அந்த இடத்துக்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

பன்னிரண்டு வருடமாக நான் இந்த வேடங்களைச் செய்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் பலரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். இரண்டு நிமிடக் காட்சியில் வந்துபோனவர் மொத்தப் படத்தையும் தூக்கிச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக நடிக்கத் தெரிந்தவர் அதே மாதிரி காட்சியில் தடயமே இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே விஷயம் என்பது என் முடிவு: அந்தக் காட்சியில் வருகிற மனிதருக்குத் தான் ஒரு த்ரில்லர் படத்துக்குள் இருப்பது தெரியாது. அவருக்கு அது வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமை. யாரோ வந்து என்னவோ கேட்கிறார்கள், கையில் இருக்கிற வேலை நின்று போகிறது, அவ்வளவுதான். பயம் பார்க்கிறவருக்கு வர வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு பயந்துவிட்டால் அவருக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வாய்ப்பு ஒரு லாட்ஜ் மேனேஜர் வேடம். போலீஸ்காரர் உள்ளே நுழைந்த நொடியிலேயே எச்சில் விழுங்கினேன், கண்ணை உருட்டினேன், கை நடுங்கக் காட்டினேன். இயக்குநர் பொறுமையாக நாலு டேக் எடுத்தார். படம் வந்தபோது என் முதுகும் ஒரே ஒரு வசனமும்தான் இருந்தன. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

போன் வந்தவுடன்

என்றைக்கு, எந்த இடம், பகலா இரவா, எத்தனை நாள், சம்பளம் எவ்வளவு, பேட்டா (தினப்படி) உண்டா, போக்குவரத்து யார் பொறுப்பு, டப்பிங் நீங்களே பேச வேண்டுமா? இந்த எட்டையும் முதல் போனிலேயே கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படாதீர்கள். முறையாக வேலை செய்கிற யூனிட் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. வாய்ப்புத் தருகிறேன், சங்க அட்டை எடுத்துத் தருகிறேன், பெரிய ஆளிடம் அறிமுகம் செய்கிறேன் என்று உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். நடிக்கிறவருக்குத்தான் பணம் தர வேண்டும், நடிப்பவர் தரக்கூடாது. பெண்கள், அதிலும் சின்ன வயதுப் பெண்கள், வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கிற யூனிட்டில் வேலை வேண்டாம்.

போட்டோ கேட்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். அழகு கூட்டுகிற ஃபில்டர் வேண்டாம். கூடவே உங்கள் ஊர்ப் பேச்சில் அரை நிமிட வீடியோ ஒன்றும் அனுப்புங்கள்.

நம் ஆட்கள் பெரும்பாலும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. ஷூட்டிங் என்றதும் முதல் நாள் சலூனுக்குப் போய் முடி வெட்டி, மீசை ஒதுக்கி, நரைக்குச் சாயம் பூசி, நோம்பிக்குப் போகிற மாதிரி வந்து நிற்பார்கள். வெயிலில் காய்ந்த முகத்தையும் நாலு நாள் தாடியையும் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து உதவி இயக்குநரைக் கேட்காமல் ஒரு முடியைக் கூடத் தொடாதீர்கள்.

சீன் பேப்பர்

பாதி நேரம் இது ஸ்பாட்டில்தான் கையில் கிடைக்கும். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

முழுக்கதையையும் கேட்காதீர்கள். த்ரில்லர் எடுக்கிறவர்கள் கொலைகாரன் யார் என்பதைத் தங்கள் ஆட்களுக்குள்ளேயே மறைத்து வைப்பார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்துவிட்டால் அது முகத்தில் எங்காவது ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துவிடும். உதவி இயக்குநரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இந்தக் காட்சிக்கு முன்னால் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? என் வாயிலிருந்து புதிதாக என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்? இதில் எந்த வார்த்தையை மாற்றவே கூடாது? கடைசிக் கேள்வி முக்கியம். கார் நம்பரோ, நேரமோ, ஒரு பெயரோ கதைக்கு ஆணியாக இருக்கும். அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் மீதியில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பார்த்துப் பழக

காட்சிக்கு முந்தின வாரம் இதைச் செய்யுங்கள். 2022-இல் வந்த 'விக்ரம்' படத்தை எடுத்த லோகேஷ் கனகராஜ் நம் கிணத்துக்கடவுக்காரர். அதில் வீட்டு வேலைக்கார அம்மாவாக வந்து, பிறகு ஏஜென்ட் டீனா என்று தெரிய வருகிறவர் வசந்தி. பல வருடம் நடனக் குழுக்களில் வேலை பார்த்தவர். ஆட்கள் வீடு புகுந்ததும் அவர் போடுகிற சண்டைக்குத் தியேட்டரே எழுந்து நின்றது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சண்டைக்கு முந்தைய காட்சிகளை. அங்கெல்லாம் அவர் வேலைக்காரம்மாவாகவே இருக்கிறார். பின்னால் ஏதோ வரப்போகிறது என்று ஒரு பார்வைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த அடக்கம் இல்லையென்றால் அந்தச் சண்டைக்கு அத்தனை கைதட்டல் கிடைத்திருக்காது.

இன்னொன்று, கோயன் சகோதரர்கள் 2007-இல் எடுத்த 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்'. ஒரு பெட்ரோல் பங்க் கடை, கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெரியவர், எதிரில் கொலைகாரன். பெரியவராக நடித்தவர் ஜீன் ஜோன்ஸ். அவருக்குப் படத்தில் இந்த ஒரே காட்சிதான். கொலைகாரன் நாணயத்தைச் சுண்டிவிட்டு, பூவா தலையா சொல் என்கிறான். எதற்குப் பந்தயம் என்பதே பெரியவருக்குத் தெரியாது. மரியாதைக்குச் சிரிக்கிறார், குழம்புகிறார், கடையை மூடப் போவதாகச் சொல்லிப் பார்க்கிறார். ஒரு தடவைகூட உயிருக்கு மன்றாடவில்லை, ஏனென்றால் உயிர் பந்தயத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது, நமக்குத்தான் வயிறு பிசைகிறது. இந்தக் காட்சியை மூன்று தடவை பாருங்கள். ஒரு தடவை சத்தத்தை மூடிவிட்டு, பெரியவரின் முகத்தை மட்டும் பாருங்கள்.

நம் ஊரிலேயே இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 1984-இல் சூலூர்க்காரர் மணிவண்ணன் எடுத்த 'நூறாவது நாள்' படத்தில், கோயமுத்தூர்க்காரர் சத்யராஜ் மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டு என்று வந்து நின்றார். விஜயகாந்த், மோகன், நளினி என்று பெரிய பெயர்கள் இருந்த படத்தில் அந்த உருவம்தான் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. இதைப் பார்த்துவிட்டு, கெட்டப் போட்டால் போதும் என்று நினைக்கிற தம்பிமார்களை ஒவ்வொரு ஷூட்டிங்கிலும் பார்க்கிறேன். அந்தக் கெட்டப் கொலைகாரனுக்கு. அதற்கு இயக்குநர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். சாட்சி சொல்ல வருகிற டீக்கடைக்காரர் கழுத்தில் உருத்திராட்சக்கொட்டையும் கையில் தாயத்தும் கண்ணில் மையுமாக வந்தால், அவரே குற்றவாளியோ என்று பார்க்கிறவருக்குத் தேவையில்லாத சந்தேகம் வந்துவிடும்.

கையில் ஒரு வேலை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். உங்கள் ஆளுக்கு ஒரு வேலை வேண்டும், அந்த வேலை உங்களுக்கு நிஜமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு. காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடி இன்ஸ்பெக்டர் வருகிறார். நீங்கள் தோப்பில் தேங்காய் உரிக்கிறவர். போட்டோவைக் காட்டிக் கேட்கிறார். சீன் பேப்பரில் 'தோட்டக்காரர் நின்றுகொண்டு பதில் சொல்கிறார்' என்று மட்டும்தான் இருக்கும்.

நிற்காதீர்கள், உரியுங்கள். நட்டு வைத்த கூரான இரும்புப் பாரையில் காயைக் குத்தி, திருகி, மட்டையைப் பிளந்து, மறுபடி குத்தி, காயைக் கழற்றிப் பக்கத்தில் போடுவதற்கு ஒரு தாளம் இருக்கிறது. பழகினவர் கை மூன்று நாலு குத்தில் வேலையை முடித்துவிடும். இன்ஸ்பெக்டரின் முதல் கேள்விக்கு அந்தத் தாளம் கெடாமல் பதில் வரட்டும். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதாகப் போட்டோவை நீட்டுகிறார். காய் பாரையில் குத்தி நிற்கிறது, கை திருகவில்லை. அந்த நிறுத்தம் ஒரு நொடி இருந்தால் போதும். பிறகு, 'தெரியலீங்க' என்று சொல்லிவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்குகிறீர்கள், முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக. அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று தியேட்டரில் இருக்கிற கடைசி வரிசை வரைக்கும் தெரிந்துவிடும். நீங்கள் முகத்தில் ஒன்றுமே செய்யவில்லை.

தாளம் இருந்தால்தான் அது நிற்பது கண்ணில் படும். சும்மா நின்றுகொண்டிருப்பவர் 'நின்றுவிட்டார்' என்று யாருக்கும் தோன்றாது. அதனால்தான் வேலை தேவை என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். பாதி நடிப்பை அந்த வேலையே பார்த்துக்கொள்ளும்.

நமக்கு இதில் குறையே கிடையாது. வேறு ஊர் நடிகர்கள் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்கிற வேலைகளை நம் வீட்டில் யாராவது ஒருத்தர் தினமும் செய்துகொண்டிருப்பார். ஈரோட்டு மண்டியில் மஞ்சளைக் கையில் எடுத்து உடைத்துப் பார்ப்பது, விசைத்தறியில் அறுந்த நூலைப் பிடித்து முடிவது, திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கிக் கட்டுவது, கரும்பாலையில் பாகு பதம் பார்ப்பது, மாட்டுக்குத் தீனி கலக்குவது என்று எத்தனையோ. உங்கள் அப்பாரு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் பாருங்கள். பேசிக்கொண்டே செய்யும்போது கண் எங்கே இருக்கிறது, எப்போது கை நிற்கிறது என்று பாருங்கள். பழகின கை தானாக ஓடும், கண் எதிராளி மேல் இருக்கும். பழகாத கை கண்ணைக் கீழே இழுத்துவிடும், வசனமும் அதோடு போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை. தேங்காய் உரிக்கிற பாரை வயிற்றுக்கு நேரே நிற்கிற ஈட்டி. தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிக் கேமரா முன்னால் முதல் தடவையாகச் செய்யாதீர்கள். அதோடு, வேலையை நீங்களாகப் புகுத்தாதீர்கள். ரிகர்சலின்போது, 'சார், நான் காய் உரிச்சுக்கிட்டே சொல்லட்டுங்களா?' என்று கேளுங்கள். சத்தம் இடைஞ்சல் என்றாலோ ஃப்ரேமில் கை தெரியாது என்றாலோ வேண்டாம் என்பார்கள். அப்படியென்றால் சத்தம் வராத வேலையாக ஒன்றைக் கேளுங்கள், மட்டையிலிருந்து நார் பிரிப்பது மாதிரி.

பேச்சு

கொங்குத் தமிழைச் சினிமா நெடுங்காலமாகச் சிரிப்புக்குத்தான் அதிகம் வைத்துக்கொண்டிருக்கிறது. 'ஏனுங்ணா' என்று இழுத்தால் கைதட்டல் நிச்சயம் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த இழுவையை நீங்களும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நம் ஊரில் யாரும் அப்படி ராகம் போட்டுப் பேசுவதில்லை. வீட்டில் பேசுகிற வேகத்தில் பேசுங்கள், போதும்.

நம் பேச்சின் மரியாதை ஒரு த்ரில்லருக்கு எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்பது என் ஆதங்கம். மிரட்டுகிற ஃபைனான்ஸ்காரர் வேடம் ஒன்று எனக்கு வந்தது. எழுதியிருந்த வசனம், 'பணத்தை எடுத்து வை, இல்லேன்னா குடும்பத்தையே அழிச்சிருவேன்.' நான் கேட்டு வாங்கி மாற்றியது இப்படி: 'ஏனுங் தம்பி, ஊட்ல அம்மாவெல்லாம் சௌக்கியமுங்களா? சாயங்காலம் கோயிலுக்குத் தனியாத்தான் போறாங்களாட்ட இருக்குதுங்க.' குரல் ஏறவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எதிரில் நடித்த தம்பிக்கு நிஜமாகவே முகம் வெளுத்துவிட்டது.

சாட்சி சொல்கிற வேடத்துக்கும் இந்த 'ங்க' உதவும். இன்ஸ்பெக்டரிடம் ஒவ்வொரு வரிக்கும் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டு வருகிறவர், ஓர் இடத்தில் மட்டும் அதை விட்டுவிட்டு 'பாக்கல' என்று முடித்தால், என்ன மாறியது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ மாறிவிட்டது என்று கேட்கிறவர் காதுக்குத் தெரியும். இதை ஒரு காட்சியில் ஒரு தடவைதான் செய்யலாம்.

சீன் பேப்பர் பொதுத் தமிழில் இருக்கும். 'நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது சார், அதில் இரண்டு பேர் இருந்தார்கள்' என்று எழுதியிருப்பார்கள். நம் தோட்டக்காரர் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அவருக்கு நேரம் என்பது அவர் வேலைதான். 'மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு ராத்திரி பதனொண்ணுக்குத்தானுங்க வரும். எந்திரிச்சு வந்து சுச்சுப் போட்டனுங்க, அப்பத்தான் ஒரு வெள்ளைக் காரு வந்துச்சுங்க. ரெண்டு பேருங்க.' பதினொன்று, வெள்ளைக் கார், இரண்டு பேர் என்ற மூன்று ஆணியும் அப்படியே இருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் ஏன் விழித்திருந்தார் என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. எழுதினவர் யோசிக்காத பதில் அது. இப்படி மாற்றியதைத் தாளில் எழுதி உதவி இயக்குநரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அவர்தான் வசனத்தை எடுத்துக்கொடுத்து பிராம்ப்ட் செய்கிறவர், அவரிடம் இருப்பதும் நீங்கள் பேசுவதும் வேறாக இருந்தால் எல்லோருக்கும் சிரமம். டேக்குக்கு டேக் மாற்றுவது மட்டும் கூடவே கூடாது.

எல்லா இடத்துக்கும் ஒரே கொங்குப் பேச்சு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கோயமுத்தூர் டவுனில் ஆட்டோ ஓட்டுகிற இளைஞன் பேசுவதும், கோபிப் பக்கத்து ஆத்தா பேசுவதும் வேறு. உங்கள் ஆள் எந்த ஊர், என்ன வயது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதே வயதில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் வசனத்தை அவரிடம் கொடுத்து, 'இதை நீங்க எப்படிங்க சொல்லுவீங்க?' என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். சமையலறையிலும் மாடு கட்டுகிற தொண்டுபட்டியிலும் கிடைக்கிற வசனம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்காது.

கேட்பது

த்ரில்லரில் எடிட்டர் உங்கள் முகத்துக்கு வெட்டுவது பெரும்பாலும் நீங்கள் பேசும்போது அல்ல. அவர் தேடுவது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற நொடிகளை. அங்கே நீங்கள் அடுத்த வசனத்தை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தால் கண் காலியாகத் தெரியும், அவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எதிராளி சொல்வதை முதல் தடவை கேட்பது போல ஒவ்வொரு டேக்கிலும் கேளுங்கள். சொல்வது சுலபம், ஏழாவது டேக்கில் கடினம். நான் செய்வது ஒன்று: எதிராளி பேசும்போது அவர் வசனத்தில் ஒரே ஒரு சொல்லைத் தேடிக் காத்திருப்பேன், ஒவ்வொரு டேக்கிலும் வேறு சொல்.

உங்கள் வசனம் முடிந்ததும் அப்படியே இருங்கள். 'கட்' என்ற சத்தம் காதில் விழும்வரை இயக்குநரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். வசனத்துக்குப் பிறகு வருகிற அந்த இரண்டு நொடியில்தான் பல சின்ன வேடங்கள் பெரியவையாகியிருக்கின்றன.

ஸ்பாட்டில்

உடுப்பு உங்களுடையதையே போடச் சொன்னால் பளீர் வெள்ளையும் பொடிக் கட்டமும் தவிர்த்து நாலு செட் எடுத்துப் போங்கள். துவைத்துத் தேய்த்தது வேண்டாம், உடுத்திப் பழசானதுதான் நல்லது. 'மார்க்' என்பது நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம். தோப்பில் சாக்பீஸ் கோடு போட முடியாது, ஒரு கல்லோ மட்டையோ வைத்துவிட்டு, குனிந்து பார்க்காமல் காலால் உணர்ந்து நிற்கப் பழகுங்கள்.

முதலில் எல்லோரும் தெரிகிற மாஸ்டர் ஷாட் எடுப்பார்கள், பிறகு பெரிய நடிகரின் சஜஷன் (எதிராளியின் தோளுக்கு மேலாக எடுப்பது), க்ளோசப், கடைசியில் உங்களுடையது. மாஸ்டரிலேயே மொத்த சக்தியையும் கொட்டிவிடாதீர்கள். நைட் கால்ஷீட்டாக இருந்தால் உங்கள் க்ளோசப் வருவதற்குள் நடுநிசி தாண்டிவிடும். பெரிய நடிகர் அதற்குள் கிளம்பியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி, 'இதுதான் சார் லுக்' என்று காட்டி, இன்ஸ்பெக்டரின் வசனத்தை ஒரே குரலில் வாசிப்பார். அந்தக் கையைப் பார்த்துத்தான் நீங்கள் பொய் சொல்ல வேண்டும். அதனால்தான் மாஸ்டர் எடுக்கும்போதே அந்த நடிகரின் கண்ணை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு மணிக்கு அந்தக் கைக்கு மேல் அந்தக் கண்ணை ஒட்டிக்கொள்ளலாம்.

எந்த வசனத்தில் எந்தக் கை, எந்தக் காய் என்பதை முதல் டேக்கிலேயே மனதில் குறித்து வையுங்கள். உரித்த காய் மாஸ்டரில் மூன்று கிடந்தால் க்ளோசப்பிலும் மூன்றுதான். கன்டினியூட்டி பார்க்க உதவி இயக்குநர் இருக்கிறார், ஆனாலும் நீங்களே சரியாகச் சொன்னால் அந்த யூனிட் உங்களை மறக்காது. 'ஒன் மோர்' என்று கேட்டால் மனசு உடைய வேண்டாம். பாதித் தடவை ஃபோகஸ் தவறியிருக்கும், இல்லையென்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளை ஆட்டியிருக்கும்.

பிணமாகப் படுக்கச் சொன்னால்

புதியவர்களுக்கு த்ரில்லரில் கிடைக்கிற முதல் வேடம் பல நேரம் இதுதான். தாழ்வாக நினைக்காதீர்கள். பிணம் மூச்சு விட்டால் மொத்தக் காட்சியும் செத்துவிடும். ஆழமாக இழுத்து அடக்கினால் நெஞ்சு துடித்துக் காட்டிக்கொடுக்கும். சாதாரணமாக இழுத்து, பாதி வெளியே விட்டு, அங்கே நிறுத்துங்கள். இருபது நொடிக்கு மேல் தேவையென்றால் முன்பே சொல்லச் சொல்லுங்கள், துணிக்கு அடியில் வயிற்றால் மெல்ல விட்டுக்கொள்ளலாம். கண் திறந்திருக்க வேண்டுமென்றால் எதையும் குறிவைத்துப் பார்க்காமல் தூரத்தில் விட்டுவிடுங்கள். தோப்பில் படுக்கும் முன் எறும்புப் புற்று இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். சில யூனிட்டுகளில் இந்த ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். சிரித்துவிட்டு வாருங்கள், வீட்டில் அம்மாவுக்கும் அது நிம்மதி.

டப்பிங்

ஸ்பாட்டில் நேரடி ஒலி எடுக்காத படமென்றால், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சென்னைக்குக் கூப்பிடுவார்கள். போகக் கூலி தருவார்களா என்று கேட்டு, எப்படியாவது போய்விடுங்கள். நீங்கள் போகாவிட்டால் வேறு யாரோ உங்கள் வாயில் ராகம் போட்ட 'ஏனுங்ணா'வை வைத்துவிடுவார்கள், அத்தனை உழைப்பும் வீண்.

ஏசி அறையில், மைக் முன்னால், காது மூடின ஹெட்போனோடு நிற்கும்போது குரல் மொழுமொழுவென்று வரும். திரையில் இருக்கிற ஆள் வெயிலில் காய் உரித்துக்கொண்டிருக்கிறார், அவர் பேச்சில் மூச்சு வாங்க வேண்டும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். சென்னைக்குப் போகும்போது பையில் ஒரு மட்டைத் தேங்காய் எடுத்துப் போங்கள். வசனம் ஓடும்போது அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து, திருகுவது போல இறுக்கிப் பிடியுங்கள். சத்தம் வராது, மூச்சு மட்டும் மாறும். போட்டோ நீட்டுகிற இடம் வந்ததும் பிடியைத் தளர்த்துங்கள், பிறகு 'தெரியலீங்க' என்று சொல்லுங்கள்.